இவனுக்கு நான் பொறுப்பு

சிகாமட்டில் ஆறு ஊருக்குள் வந்து, வடிந்து, நாலு நாள் ஆகியிருந்தது. மறுநாள் பொங்கல். போகிக்கு எரிக்கப் பழைய சாமான் என்று ஒன்றும் மிச்சமில்லை. பழசு, புதுசு பார்க்காமல் எல்லாவற்றையும் ஆறே வாரிக்கொண்டு போயிருந்தது. தாமான் என்கிற அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஊறிப்போன மெத்தையும், கதவு கழன்ற அலமாரியும், சேறு அப்பிய சோபாவும் குவிந்து கிடந்தன. தெருவே குப்பைமேடாக நாறிக்கொண்டிருந்தது.

காலையில் மின்சாரக் கம்பெனி ஆட்கள் வந்து தெருவுக்கு மின்சாரம் விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்கள். சுவரெல்லாம் தண்ணீர் குடித்திருக்கிறது, லைசன்ஸ் உள்ள ஒயர்மேன் பார்க்காமல் வீட்டுக்குள் மெயின் சுவிட்சைப் போடக் கூடாது என்று. டவுனில் இருந்த ஒயர்மேன்களுக்குப் போன் போட்டால், பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது.

"அவனுங்க கெடக்கட்டும்லா! நமக்குத்தான் சொந்தமா ஒரு ஒயர்மேன் இருக்கானே" என்று தெருவில் நின்று கத்தினார் மூர்த்தி. "அடேய் ரூபன்! பையத் தூக்கிட்டு வாடா!"

மூர்த்தி குரலைத் தணித்துப் பேசத் தெரியாத மனிதர். அவர் கத்தினால் தெருக் கோடியில் கட்டிப்போட்ட நாய்கூட எழுந்து நிற்கும். எதிர்ச் சாரியில் அப்பாவோடு சேர்ந்து சேறு வாரிக்கொண்டிருந்த ரூபேந்திரன், காதில் விழாததுபோல் இன்னும் குனிந்து வாரினான்.

ஏனென்றால் அவன் ஒயர்மேன் இல்லை.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும். ரூபேந்திரனுக்கு இருபத்து மூன்று வயது. அம்மா இல்லை. அப்பா வாடகை கட்ட முடியாமல் வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர். பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருடம் அங்கே இங்கே கூலி வேலை பார்த்தவனுக்கு, கோயில் மண்டபத்தில் நடக்கும் தொழிற்பயிற்சி நிதியைப் பற்றித் தெரியவந்தது. கோயிலைச் சேர்ந்தவர்களும் சர்ச்சைச் சேர்ந்தவர்களுமாக நாலு பேர் கூடி நடத்தும் நிதி அது. வட்டி கிடையாது. பயிற்சி முடித்து, வேலை கிடைத்த பிறகு மாதாமாதம் கட்டினால் போதும். அந்தப் பணத்தில்தான் அடுத்த பிள்ளை படிக்கும்.

ஆனால் ஜாமீன் வேண்டும். செனாயில் இருந்த சித்தப்பாவைக் கேட்டான். "கடன்னு கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடங்குதுடா" என்று போனை வைத்துவிட்டார். வேறு இரண்டு சொந்தக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. கடைசியில், சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை, எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்கடா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. அரசு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவள் வீட்டுக்காரர் வீரமுத்து மெர்சிங் துறைக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா யாருக்கும் தலை வணங்காதவள் என்று தாமானில் பெயர். தராசில் நூறு கிராம் குறைந்தால் மீன்காரனை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பவள்.

அந்த நிதியில் ஒரு வழக்கம் உண்டு. ஜாமீன் நிற்கிறவர் தாளில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று வாயால் சொல்லவேண்டும். சிலர் அதை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா வெளிர்நீலப் புடவையில் எழுந்து நின்று, தலையை நிமிர்த்தி, மூர்த்தியின் குரலுக்குப் போட்டியாகச் சொன்னாள். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள். ரூபேந்திரனுக்கு அன்றைக்குத்தான் தனக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று தோன்றியது.

பாரத்தில் கடித முகவரி கேட்டிருந்தது. வீடு எப்போது மாறுமோ என்று, அக்கா வீட்டு முகவரியையே எழுதிக் கொடுத்தான். அதை எழுதியதைக்கூட அப்புறம் மறந்துபோனான்.

ஜொகூர் பாருவில் ஒன்பது மாதம் பயிற்சி. எழுத்துப் பரீட்சை பாஸ். செய்முறைப் பரீட்சையில், ஒரு பலகையில் ஒயரெல்லாம் போட்டு, எங்கோ ஒரு கோளாறை ஒளித்துவைத்துவிட்டு, 'கண்டுபிடி' என்றார்கள். நாற்பது நிமிடம். வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம், கோளாறு கிடைக்கவில்லை. ஃபெயில் என்று போனில் முடிவு வந்தது. மார்ச்சில் மறுபடி எழுதலாம், பதிந்துகொள் என்றும் வந்தது. பதிந்து தொலைத்திருக்கலாம். ஆனால் அதற்கு முதலில் ஃபெயில் என்று நாலு பேரிடம் சொல்லவேண்டுமே.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது மூர்த்தி வாசலில் இருந்தே கேட்டார்: "என்னா ஒயர்மேன், பாஸ்தானே?"

அவன் சிரித்தான். அவ்வளவுதான். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் அவன் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளப் பார்ப்பான். அந்தச் சிரிப்பே ஊரெல்லாம் பரவி அவனை ஒயர்மேனாக்கிவிட்டது. அன்று சாயங்காலமே புஷ்பவள்ளி அக்கா சிவப்புப் பிடி போட்ட குறடும், திருப்புளியும், டெஸ்ட் பேனாவும் அடங்கிய புதுப் பை ஒன்றை வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான், வெட்கங்கெட்டவன்.

பிறகு செனாயில் ஒரு கன்ட்ராக்டரிடம் ஏணி தூக்கும் வேலைக்குப் போனான். தவணையை மட்டும் ஒழுங்காகக் கட்டினான். லீவில் வரும்போதெல்லாம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லயாடா?" இவன், "ஒண்ணும் இல்லக்கா" என்பான். அவள் இவன் முகத்தையே ஒரு நொடி பார்த்துவிட்டுச் சோறு போடப் போய்விடுவாள்.

இப்போது மூர்த்தி தெருவில் நின்று கத்துகிறார். நாலு வீட்டு வாசலில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில், 'அண்ணே, எனக்குத் தெரியாது' என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? மூன்றே வார்த்தை. ரூபேந்திரன் போய்ப் பையை எடுத்துவந்தான்.

மூர்த்தி வீட்டில் ஒவ்வொரு பிளக்கையும் திறந்து, சேற்றைத் துடைத்து, மறுபடி பூட்டினான். மெயினைப் போட்டான். டக்கென்று டிரிப் ஆனது. மறுபடி போட்டான். மறுபடி டக். ஒயர்ப் பெட்டியில் ஒரு காவல் சுவிட்ச் இருக்கிறது. மின்சாரம் எங்கேயாவது ஈரத்தில் கசிந்தால் அது தானே விழுந்து வீட்டில் உள்ளவர்களைக் காப்பாற்றும். அதுதான் விழுந்துகொண்டே இருந்தது. எங்கே கசிகிறது என்று ஒவ்வொரு லைனாகப் பிரித்து, மீட்டர் வைத்துத் தேடவேண்டும். அதே கோளாறு, அதே தேடல், அவனை ஃபெயிலாக்கிய அதே கேள்வி. இந்தத் தடவை ஆறே வந்து கேட்டிருக்கிறது.

"என்னடா, முடியுமா முடியாதா?" என்றார் மூர்த்தி, கையால் விசிறிக்கொண்டு.

"முடியும்ணே. கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்."

செனாயில் கன்ட்ராக்டரின் ஆள் ஒருவன், காய்ந்த கட்டடத்தில், அவசரத்துக்கு ஒரு வேலை செய்ததை அவன் பார்த்திருக்கிறான். காவல் சுவிட்சைத் தாண்டி ஒரு ஒயரை நேராக இழுத்துக் கொடுப்பது. 'டைரக்ட்' போடுவது என்பார்கள். அப்படிப் போட்டால் விளக்கு எரியும், காவல்தான் இருக்காது. மூர்த்தி வெளியே போன நேரம் பார்த்து ரூபேந்திரன் டைரக்ட் போட்டான். வீடெல்லாம் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மூர்த்தி அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் ஓங்கி அடித்தார்.

அடுத்தது புஷ்பவள்ளி அக்கா வீடு. அவள் வாசலிலேயே அவனை நிறுத்தினாள்.

"ரூபன், உன்னால முடியுமாடா? நெசமா சொல்லு. இல்லன்னா பொறுத்துக்கலாம். மெழுகுவத்தி இருக்கு, எண்ண வெளக்கு இருக்கு. அவரும் நாளைக்குத்தான் வருவாரு."

"முடியும்க்கா."

"நெசமாவா?"

"மூர்த்தியண்ணன் வீட்டுல எரியுது, பாருங்க."

அக்கா எட்டிப் பார்த்தாள். எரிந்தது. "சரி, பாரு" என்று ஒதுங்கி நின்றாள். அங்கேயும் டக், டக் என்று விழுந்தது. அங்கேயும் டைரக்ட் போட்டான். சாமி மேடையில் சிவப்புப் பல்ப் எரிந்ததும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெள்ளத்துக்கு முன்பு மேசைமேல் ஏற்றிவைத்த ஐஸ்பெட்டியை இறக்கி மாட்டினார்கள். அது உறுமிக்கொண்டு ஓடியது. மற்ற வீடுகளை நாளைக்குப் பார்க்கலாம் என்று அவன் தப்பித்து வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பா கொடுத்த கோப்பியைக் குடிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஏழரை மணிக்குப் போன் அடித்தது. மூர்த்தி.

"டேய் ஒயர்மேன்! குழாயத் தொட்டா சுள்ளுன்னு அடிக்குதுடா! என்னா, தண்ணியோட சேர்த்துக் கரண்டும் ஓசியா?" என்று சிரித்தார்.

ரூபேந்திரன் எழுந்து நின்றுவிட்டான். 'மெயின அடைங்கண்ணே' என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், ஏன் என்பார். ஏன் என்றால் எல்லாம் வெளியே வரும். அவன் வாய் வேறு எதையோ சொன்னது: "ஈரம்ணே, காஞ்சா சரியாயிரும். கொஞ்ச நேரம் தொடாம இருங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்தவனுக்கு அக்காவின் நினைப்பு வந்தது. பொங்கலுக்கு முதல் நாள். வீடு கழுவுவாள். வெறுங்காலோடு, தண்ணீரில் நின்று, ஐஸ்பெட்டியைத் துடைப்பாள்.

பையைத் தோளில் போட்டதும் செருப்பை மாட்டியதும்கூட அவனுக்கு நினைவில்லை. ஓடினான். குப்பைமேட்டைத் தாண்டி, சேற்றில் ஒரு தடவை விழுந்து எழுந்து ஓடினான். அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். கணுக்கால் நனைய நடுவில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஈரத்துணியோடு, அவள் ஐஸ்பெட்டிக் கதவைத் துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க! அக்கா, தொடாதீங்க!"

வாசற்படியில் நின்றபடியே கதவோரத்துப் பெட்டியில் கையை விட்டு மெயினை இழுத்து அடைத்தான். வீடு இருண்டது. ஐஸ்பெட்டியின் உறுமல் நின்றது. அக்கா துணியோடு அப்படியே நின்றாள்.

"என்னடா? என்ன ஆச்சு?"

"டைரக்ட் போட்டுட்டேன்க்கா. ஷாக் அடிச்சா காப்பாத்துற சுவிட்ச கழட்டி விட்டுட்டேன். எங்க கசியுதுன்னு எனக்குக் கண்டுபுடிக்கத் தெரியல." மூச்சு வாங்கியது. "நான் பாஸ் இல்லக்கா. நான் ஃபெயிலு."

இவ்வளவு நாள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. திட்டுவாள், துணியால் நாலு சாத்து சாத்துவாள், அழுதுவிடலாம் என்று காத்து நின்றான்.

"தெரியும்" என்றாள் அக்கா.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் சாமி மேடைக்குப் போய், தீப்பெட்டியைத் தடவி எடுத்து எண்ணெய் விளக்கை ஏற்றினாள். மேடைக்கு மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினாள். அதில் அவளுடைய அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம். அவற்றுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு கடிதம். பயிற்சி நிலையத்தின் முத்திரை விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

"அட்ரஸ் நீதானேடா எழுதிக் குடுத்த? தீவாளி முடிஞ்ச அடுத்த வாரமே வந்துருச்சு. எனக்கும் மலாய் படிக்கத் தெரியும்."

அவன் கடிதத்தையே பார்த்தான்.

"ஆறு வருதுன்னு மைக்குல சொன்னப்போ இந்தப் பைய மட்டும்தான் தூக்கிட்டு ஓடுனேன். லெட்டரு வீட்டுல கெடந்து, எவனாச்சும் எடுத்துப் படிச்சு உன்னக் கேலி பண்ணிருவானேன்னு, நிவாரண மையத்துல தலைக்கடியில வச்சுத் தூங்குனேன். நீயா வந்து சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன்ல?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவனுக்கு. "அப்புறம் ஏன்க்கா என்ன ஒயரத் தொடவிட்டீங்க?"

"ஏன்னு கேக்குறியா?" அக்காவின் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து அவன் கேட்டதே இல்லை. "நீ ஃபெயிலானது எனக்குத் தெரியும். தெரியாத வேலயத் தெரியும்னு சொல்லி நீ கைவைப்பன்னு எனக்குத் தெரியாதுடா. முடியுமான்னு ரெண்டு வாட்டி கேட்டேன். முடியும்ன. சரி, புள்ள செனாயில போயி வேல கத்துக்கிட்டு வந்திருக்கான்னு நம்பிட்டேன்."

ரூபேந்திரன் கூனிக் குறுகிப்போனான். ஃபெயிலானது தெரிந்துபோகுமோ என்றுதான் இத்தனை நாள் பயந்தான். அது ஒரு பொருட்டே இல்லாத இடத்தில் அவன் இவ்வளவு நாள் நடித்திருக்கிறான். இவள் நம்பியது பாஸான ஒயர்மேனை இல்லை, ஃபெயிலான ரூபனை. அந்த ரூபனையும் அவன் இன்றைக்குத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "மூர்த்தி வீட்டுலயும் இதானே பண்ணுன?"

"ஆமாக்கா."

"சொல்லிட்டியா?"

அவன் தரையில் கிடந்த சோப்புத் தண்ணீரைப் பார்த்தான்.

"சொன்னியாடா?"

"குழாய் ஷாக் அடிக்குதுன்னு போன் பண்ணாரு. ஈரம்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி!" அக்கா கையிலிருந்த துணியை வீசி எறிந்தாள். "அலமாக், குழாய்லயே அடிக்குதுன்னு சொல்றாரு, இவன் ஈரம்னு சொல்லியிருக்கான்! போடா! ஓடு!"

அவன் திரும்பினான். ஆனால் பின்னாலேயே அவளும் படியிறங்கி வந்தாள். நனைந்த கைலி காலில் ஒட்ட, காலில் செருப்புகூட இல்லை.

"நீங்க வேணாம்க்கா. நானே சொல்லிக்கிறேன்."

"கையெழுத்துப் போட்டவ நான். நடடா."

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். வாசலைக் கழுவிக்கொண்டு, கரும்பைச் சாய்த்துவைத்துக்கொண்டு, நாளைக்குத் தங்கள் வீட்டுக்கும் விளக்கு வரப்போகிற சந்தோஷத்தில் இருந்தார்கள். "ஒயர்மேன், மறந்துறாத, காலைல மொத வீடு நம்மளோடது!" என்று ஒருவர் கூவினார். ரூபேந்திரன் நிற்காமல் ஓடினான். அத்தனை வீடும் இருட்டாக இருந்த தெருவில் மூர்த்தி வீடு மட்டும் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. மூர்த்தியின் மனைவி தோளில் துண்டோடு குளியலறைப் பக்கம் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அண்ணே! மெயின அடைங்க! அண்ணிய நிறுத்துங்க, தண்ணியத் தொடவேணாம்னு சொல்லுங்க! மெயின அடைங்கண்ணே!"

மூர்த்தி வெளியே வந்தார். "என்னடா ஒயர்மேன், கத்துற?"

"நான் ஒயர்மேன் இல்லண்ணே! நான் ஃபெயிலு! எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் பண்ணுனேன். அடைங்கண்ணே, மொதல்ல அடைங்க!"

அவன் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. தெருவே கேட்டது. கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையில் வாளியோடு நின்றுவிட்டார்கள். மூர்த்தி ஒரு கணம் விழித்தார். அப்புறம் உள்ளே பாய்ந்தார். விளக்கெல்லாம் அணைந்தன. உள்ளே அவர் மனைவி, "என்னங்க?" என்று கூப்பிட்டாள். அவள் குரல் கேட்டதும்தான் ரூபேந்திரனுக்கு மூச்சு வந்தது.

மூர்த்தி கைவிளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எப்போதும் கத்துகிற மனிதர் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "என் பொண்டாட்டி குளிக்கப் போனாடா" என்று மெதுவாகச் சொன்னார். "உன்ன நம்பித்தானேடா விட்டேன்."

அப்போது வெளிச்சம் அவனைத் தாண்டிப் பின்னால் விழுந்தது. கேட் அருகே, முழங்கால்வரை சேற்றோடு, புஷ்பவள்ளி அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏக்கா," என்றார் மூர்த்தி, "இவன் ஃபெயிலுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தோடு முடிந்திருக்கும், பழி முழுக்க இவன் தலையில் விழுந்திருக்கும். அப்படித்தான் விழவும் வேண்டும். தெரியாது என்று சொல்லுங்கள் அக்கா, சொல்லிவிடுங்கள் என்று ரூபேந்திரன் மனசுக்குள் கெஞ்சினான்.

"தெரியும், மூர்த்தி" என்றாள் அவள்.

தெருவில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். யாரோ, "தெரிஞ்சுமா?" என்றார்கள். மீன்காரனைக் கேள்வி கேட்கிறவள், யாருக்கும் குனியாதவள், அந்தக் கைவிளக்கு வெளிச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எது நடந்திருந்தாலும் என்னத்தான் கேக்கணும்" என்றாள். "இவனுக்கு நான் பொறுப்பு."

மண்டபத்தில் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்குக் கை தட்டியவர்களில் பாதிப் பேர் இப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ரூபேந்திரன் தன் தோளில் தொங்கிய அந்தப் புதுப் பையைக் கழற்றினான், அவள் வாங்கிக் கொடுத்த பை. அதை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.